நாரி ஒபரேஷனுக்கு ரோபோ வேண்டும் என்று சொன்னால் வீட்டார் என்ன செய்ய வேண்டும்

ஸ்குரூ போடுவார்களா, இல்லையா? முள்ளந்தண்டு ஒபரேஷனுக்கு ரோபோ வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள். விலை, எந்த நாட்டு மெஷின், எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்பதெல்லாம் பிறகு. இன்றைக்கு முள்ளந்தண்டில் பயன்படும் ரோபோக்கள் பெரும்பாலும் ஒரு வேலைக்காகவே செய்யப்பட்டவை. எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஸ்குரூ எலும்புக்குள் போக வேண்டிய பாதையைப் படத்தை வைத்துக் கணக்கிட்டு, அந்தப் பாதையில் கருவியை அசையாமல் பிடித்துக்கொடுப்பதுதான் அந்த வேலை. நரம்பை அழுத்துகிற டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை) துண்டை மட்டும் எடுக்கிற சின்ன ஒபரேஷன் என்றால் ஸ்குரூ தேவையில்லை, ரோபோவுக்கும் அங்கே அநேகமாக வேலை இல்லை.

இது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. அம்மாவுக்கு 67 வயது. நாரி நோ, அதாவது கீழ்முதுகு வலி, என்று ஆறேழு வருடம் எண்ணெய் பூசி, ஒத்தணம் கொடுத்துச் சமாளித்தார். பிறகு நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இரண்டு காலும் பாரமாகி, எங்காவது குந்தினால்தான் சரி என்ற நிலை வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனவர் வீதி சுற்றி வர முடியாமல் தேரடியிலேயே இருந்துவிட்டார். யாழ். போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்து, நாரிப் பகுதியில் நான்காவது எலும்பு ஐந்தாவதன் மேல் முன்னுக்கு வழுக்கியிருக்கிறது, அது நரம்பு போகிற வழியை நெருக்குகிறது என்று வடிவாக விளங்கப்படுத்தினார்கள். அன்றிரவே கனடாவில் இருக்கிற அண்ணா "ரோபோவிலதான் செய்ய வேணும்" என்று நான்கு வீடியோ அனுப்பினார். அடுத்த இரண்டு மாதம் வீட்டில் எல்லாரும் ரோபோவைப் பற்றியே கதைத்தோம். அம்மாவின் எலும்பைப் பற்றியும் நரம்பைப் பற்றியும் கதைத்தது குறைவு. நான் டொக்டர் இல்லை. படங்களையும் கடதாசிகளையும் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையில் திரிந்தவன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டது இன்னொரு வீட்டுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. யாருக்காவது சிறுநீர் திடீரென்று போகாமல் நின்றாலோ, மலசலம் தெரியாமல் போனாலோ, இருக்கிற இடத்தைச் சுற்றித் தொடையிடுக்கில் விறைத்துப்போனாலோ, இரண்டு காலிலும் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ ரோபோவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். விசாவுக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றே, அந்த மணித்தியாலமே பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நரம்புக் கட்டு நசிபடுகிறது என்பதற்கான அடையாளங்கள் அவை, பிந்தினால் திரும்பி வராமலும் போகலாம். பனையாலோ கூரையாலோ விழுந்தவர்களும் அப்படித்தான். கையில் ஒருவர், காலில் ஒருவர் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கி ஏற்றுவதை எங்கள் ஊரில் கண்ணால் கண்டிருக்கிறேன், அதைச் செய்யவே செய்யாதீர்கள். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை கழுத்தையும் உடம்பையும் திருப்பாமல் கிடந்தபடியே விடுங்கள்.

அவசரம் இல்லாதவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

ரோபோ உள்ளே என்ன செய்கிறது

ரோபோ தானாக வெட்டும் என்றும், டொக்டர் பக்கத்து அறையில் இருந்து கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றும் எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். டொக்டர் தள்ளியிருந்து இயக்குகிற மெஷினும் இருக்கிறது, டா வின்சி என்று பெயர். அது புரோஸ்டேட், கருப்பை, குடல் போன்ற வேலைகளுக்குப் பிரபலமானது. அண்ணா அனுப்பிய வீடியோக்களில் இரண்டு அதைப் பற்றியவைதான். முள்ளந்தண்டில் ஸ்குரூ போட உதவுகிற ரோபோ வேறு சாதி. கட்டிலோடு பூட்டியோ பக்கத்தில் சில்லு வைத்த அடிப்பாகத்திலோ ஒரு கை நிற்கும், கையின் நுனியில் ஒரு குழாய். அந்தக் கை சொன்ன இடத்துக்குச் சொன்ன சரிவில் போய் இறுகி நிற்கும். குழாய்க்குள்ளால் துளை போடுவதும் ஸ்குரூவை முறுக்குவதும் டொக்டரின் கைதான்.

ஓடாவி வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு மெல்லிய சட்டத்துக்குள் நீளமான ஆணி போக வேண்டும், பக்கத்தில் பிய்ந்து வெளியே வரக்கூடாது, உள்ளே எங்கே போகிறது என்று கண்ணுக்கும் தெரியாது. கை பழகிய ஓடாவி வெளியே தெரிகிற அடையாளங்களை வைத்துச் சரிவைப் பிடிப்பார். இன்னொருவர் முதலே அளந்து ஒரு அச்சுக்கட்டை செய்து, அதன் துளைக்குள்ளால் துரப்பணத்தை விடுவார். ரோபோ இந்த அச்சுக்கட்டை மாதிரி. ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு எலும்புக்கும் புதிதாக அளந்து செய்யப்படும் அச்சுக்கட்டை.

சட்டம் எவ்வளவு மெல்லியது என்பதையும் சொல்ல வேண்டும். முள்ளெலும்பின் முன்பக்கத்தில் தடித்த உருளை, பின்பக்கத்தில் வளையம், இரண்டையும் இணைக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு எலும்புக் காம்பு. ஸ்குரூ அந்தக் காம்புக்குள்ளால் போய் உருளைக்குள் பிடிக்க வேண்டும். நாரியின் கடைசி எலும்பில் காம்பு 15 மில்லிமீற்றர் அளவுக்கு அகலமாக இருக்கும். நெஞ்சுப் பகுதியின் நடுவில் அது 4, 5 மில்லிமீற்றர்தான். நாரியில் போடுகிற ஸ்குரூ பெரும்பாலும் 6, 7 மில்லிமீற்றர் தடிப்பு, 40 முதல் 50 மில்லிமீற்றர் நீளம். காம்பின் உட்பக்கச் சுவரைத் தாண்டினால் நரம்பு, கீழ்ப்பக்கம் தாண்டினால் வெளியே வருகிற நரம்பு வேர், உருளையின் முன்பக்கம் தாண்டினால் பெரிய இரத்தக் குழாய்கள். முண்ணாண், அதாவது மூளையிலிருந்து முள்ளந்தண்டுக்குள்ளால் இறங்கும் தடித்த நரம்புத் தண்டு, நாரியின் முதலாவது, இரண்டாவது எலும்பு அளவில் முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே குதிரைவால் போல் பிரிந்த நரம்புகள் ஓடுகின்றன. ஆகவே நெஞ்சுப் பகுதியில் ஒரு பிழை நேர்ந்தால் அதன் விளைவு கீழ்நாரியில் நேர்வதைவிடக் கடுமையாக இருக்கலாம். ரோபோ எந்த இடத்தில் கூடுதலாக உதவும் என்பதும் இதிலிருந்தே தெரியும்: காம்பு மெல்லியதாக இருக்கும் இடம், கூனோ வளைவோ இருந்து எலும்புகள் திரும்பிப்போன இடம், முன்பு ஒபரேஷன் செய்து அடையாளங்கள் அழிந்துபோன இடம், பெரிதாகத் திறக்காமல் சின்னத் துளைகளால் ஸ்குரூ போட வேண்டிய இடம்.

இதொன்றும் நேற்று வந்த விஷயம் இல்லை. 1985இல் கலிபோர்னியாவில் தொழிற்சாலைக்கென்று செய்த பூமா 560 என்ற ரோபோக் கையை சீ.ரீ. ஸ்கான் படத்தின் துணையோடு மூளைக்குள் ஊசி செலுத்தப் பயன்படுத்தினார்கள். முள்ளந்தண்டுக்கென்று இஸ்ரேலின் மேசர் கம்பனி செய்த ஸ்பைன்அசிஸ்ட் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சோடா டின் அளவுதான் அது. அந்தக் கம்பனியை 2018இல் மெட்ரோனிக் வாங்கியது. குளோபஸ் கம்பனியின் எக்ஸெல்சியஸ் ஜீபீஎஸ் 2017இல் அனுமதி பெற்றது, ரோசா என்பதிலும் முள்ளந்தண்டுக்கான வகை ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியின் முள்ளந்தண்டுப் பிரசுரத்தில் இந்தப் பெயர்களில் ஒன்றைப் பார்த்தால் அது ஸ்குரூப் பாதைக்கான ரோபோ என்று விளங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் படத்தில்தான் இருக்கிறது

ரோபோவுக்குக் கண் இல்லை. படத்தில் இருக்கிற எலும்பும் கட்டிலில் குப்புறக் கிடக்கிற ஆளின் எலும்பும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அதற்கு எதுவும் தெரியும். பொருத்துவதற்கு இரண்டு வழி. ஒன்றில், முதலே சீ.ரீ. எடுத்து, எந்த எலும்பில் எந்தத் தடிப்பு, எந்த நீளம், எந்தச் சரிவு என்று டொக்டர் திரையில் வரைந்து வைப்பார். ஒபரேஷன் அன்று தியேட்டரில் சீ வடிவ எக்ஸ்ரே மெஷினால் இரண்டு கோணத்தில் படம் எடுத்து, மென்பொருள் ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியாகப் பழைய சீ.ரீ.யோடு பொருத்தும். மற்றதில், ஆளைக் குப்புறக் கிடத்தி மயக்கிய பிறகு தியேட்டருக்குள்ளேயே வளைய வடிவ மெஷினால் முப்பரிமாணப் படம் எடுத்து, அங்கேயே திட்டம் போடுவார்கள். நிற்கும்போதும் மல்லாந்து படுக்கும்போதும் குப்புறக் கிடக்கும்போதும் எலும்புகள் ஒன்றுக்கொன்று இருக்கிற நிலை மாறும். இரண்டாவது வழியில் அந்தக் கவலை குறைவு.

பொருத்தியது குலையாமல் இருக்க இடுப்பெலும்பிலோ முள்ளெலும்பின் பின்முனையிலோ ஒரு அடையாளச் சட்டத்தை இறுக்கிப் பூட்டுவார்கள். பல ரோபோக்களில் அதில் மின்னுகிற சின்ன உருண்டைகள் இருக்கும், அகச்சிவப்புக் கமரா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தச் சட்டத்தில் ஒருவரின் முழங்கை தட்டி அது ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலும் ரோபோவுக்குத் தெரியாமல் போகலாம். பழைய வரைபடத்தையே சரியென்று நம்பி அது பிழையான இடத்தில் உறுதியாக நிற்கும். எனக்கு இதைக் கேட்டபோது பயமாகத்தான் இருந்தது. ஆனால் சென்னையில் எங்களுக்கு ஒபரேஷன் செய்த டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் முன்னால் கருவியின் நுனியைத் தெரிந்த ஒரு எலும்பு முனையில் தொட்டுப் பார்ப்பாராம், திரையும் அதே இடத்தைக் காட்டினால்தான் மேலே போவாராம். இதை நீங்களும் கேளுங்கள். "இடையில் பிசகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" இதற்கு வருகிற பதிலிலேயே அந்தக் குழுவின் பழக்கம் தெரிந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, ஓடாவிகளுக்கு நன்றாகத் தெரிந்தது. சரிவான வழுவழுப்பான இடத்தில் துரப்பணத்தை வைத்தால் நுனி சறுக்கும். எலும்பிலும் அதே. குழாய் சரியான இடத்தில் நின்றாலும் எலும்பின் சரிவில் நுனி வழுக்கினால் துளை தள்ளிப்போகும். சதை தடித்தவர்களில் சதையே குழாயைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். அனுபவம் உள்ளவர் கையில் வரும் உணர்விலேயே இதைப் பிடித்து நிறுத்துவார். அதனால் ரோபோ இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல் "ரோபோ இடையில் நின்றால், பொருந்தாவிட்டால், கையாலேயே முடிப்பீர்களா? கையால் எத்தனை வருடம் செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல டொக்டர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

ரோபோ என்றால் பிழையே வராது என்று சொல்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ஸ்குரூ எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதை ஒபரேஷனுக்குப் பிறகு சீ.ரீ.யில் 2 மில்லிமீற்றர் கணக்கில் தரம் பிரிப்பார்கள். முழுவதும் எலும்புக்குள் என்றால் ஏ, 2 மில்லிமீற்றருக்குள் விலகல் என்றால் பி, அதற்கு மேல் சீ, டீ, ஈ. ஏ, பி இரண்டும் ஏற்கத்தக்கவை. 2012இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 60 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, கையால் போட்டவற்றில் 93 சதவீதமும் அந்தக் காலத்து ரோபோவால் போட்டவற்றில் 85 சதவீதமும்தான் ஏ, பி தரத்தில் வந்தன. கட்டிலோடு பூட்டிய முறை அசைந்தது ஒரு காரணம் என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த மெஷின்கள் நன்றாகத் திருந்தியிருக்கின்றன, பின்னைய பல ஆய்வுகளில் ரோபோ கையால் போடுகிற அளவுக்கோ அதைவிடக் கூடவோ சரியாக வந்திருக்கிறது, தியேட்டரில் நிற்பவர்களுக்குக் கதிர்வீச்சும் குறைகிறது. ஆனால் ஸ்குரூ ஒரு மில்லிமீற்றர் வடிவாக நிற்பதால் ஒரு வருடம் கழித்து ஆளுக்கு நோ குறைவாக இருக்குமா என்றால், அங்கே பெரிய வித்தியாசம் நிரூபணமாகவில்லை. காணியை ஈடு வைத்தாவது ரோபோவில்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒருக்கால் நின்று யோசியுங்கள். கையால் நன்றாகச் செய்கிற டொக்டர் பக்கத்தில் இருக்கிறார், நாரியில் ஒரு மட்டம்தான் (அடுத்தடுத்த இரண்டு எலும்பு சேரும் ஓரிடம்) ஒபரேஷன் என்றால், அவரிடம் செய்வது குறைந்த வைத்தியம் ஆகிவிடாது.

புறப்படுவதற்கு முன்னால்

எங்கள் பெரிய பிழை இங்கேதான் நடந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் கொடுத்த பெரிய கறுப்புப் பிலிம்களை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனோம். சீடீ ஒன்றும் உறைக்குள் இருந்தது, அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கே போய்க் கொடுத்தபோது அது வெறும் சீடீ. படம் ஏறவே இல்லை. எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டி வந்தது, இரண்டாவது தடவை காசு, மூன்று நாள் விடுதி வாடகை, அம்மாவுக்குத் திரும்பவும் அந்தக் குழாய்க்குள் முக்கால் மணித்தியாலம்.

ஆகவே பிலிமை நம்பாதீர்கள், போனில் பிலிமைப் படம் எடுத்து அனுப்புவதையும் நம்பாதீர்கள். ஸ்கான் செய்த இடத்திலேயே நின்று, மூலக் கோப்புகள் முழுவதும் சீடீயில் இருக்கிறதா என்று அவர்களின் கொம்பியூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பென்டிரைவில் ஒரு பிரதி. எம்.ஆர்.ஐ. நரம்பையும் டிஸ்கையும் காட்டும், ரோபோவுக்குத் திட்டம் போட எலும்பைக் காட்டுகிற சீ.ரீ. வேண்டும், அதுவும் 1 மில்லிமீற்றர் அளவு மெல்லிய வெட்டுகளாக. சாதாரணமாக எடுக்கிற தடித்த வெட்டுச் சீ.ரீ. உதவாது. எனவே இங்கே எடுத்துக்கொண்டு போவதா, அங்கே போய் எடுப்பதா, எந்த அளவில் என்று ஒபரேஷன் செய்யப்போகிறவரிடமே முதலில் எழுதிக் கேளுங்கள். கதிர்வீச்சை இரண்டு தடவை வாங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

அடுத்தது எங்கள் பக்கத்து ஆட்களுக்கென்றே சொல்ல வேண்டியது. உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருக்கிறதா? யுத்தகாலத்தில் பட்டதை எடுக்காமல் விட்டு, வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் மறந்துபோனவர்கள் எங்களிடையே நிறையப் பேர். அம்மாவும் மறந்திருந்தார். எம்.ஆர்.ஐ. படிவத்தில் "உடம்பில் உலோகம் உண்டா" என்ற கேள்விக்கு நான் "இல்லை" என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்ற அக்காதான் "தோள்மூட்டில ஒரு துண்டு இருக்கெல்லே அம்மா" என்று கேட்டார். அம்மா ஒரு கணம் யோசித்து, "ஓம் பிள்ளை, அது கிடக்குது" என்றார். எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். சில உலோகத் துண்டுகள் அதற்குள் அசையலாம், சூடாகலாம், கண்ணுக்குப் பக்கத்திலோ முண்ணாணுக்குப் பக்கத்திலோ இருந்தால் அது விளையாட்டில்லை. முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அனுமதிப்பார்கள். முள்ளந்தண்டுக்குக் கிட்ட உலோகம் இருந்தால் சீ.ரீ.யிலும் கோடு கோடாக வெள்ளை அடித்து எலும்பின் ஓரம் மங்கும், ரோபோ படத்தைப் பொருத்துவதற்கும் அது இடைஞ்சல். வீட்டில் மூத்தவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், அவர்கள் சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்களிடம் கேளுங்கள்.

மருந்து விஷயம். அஸ்பிரின், குளோபிடோகிறல் போன்ற இரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் விடவும் கூடாது. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறாது, கிருமி பிடிக்கும். வயதான பெண்களுக்கு எலும்புத் தேய்வு எவ்வளவு என்று அளக்கிற பரிசோதனை முக்கியம், ஏனென்றால் உக்கின மரத்தில் எவ்வளவு சரியாக ஆணி அடித்தாலும் அது பிடிக்காது, ரோபோவால் அதை மாற்ற ஏலாது. பிறகு புகையிலை. சிகரட், சுருட்டு மட்டும் இல்லை, வெற்றிலையோடு போடுகிற புகையிலையும்தான். நிக்கொட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். ஸ்குரூ தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கிறது, கடைசியில் எலும்போடு எலும்பு ஒட்டினால்தான் ஒபரேஷன் நின்றுபிடிக்கும். எங்கள் அம்மா நாற்பது வருடப் பழக்கத்தை ஆறு கிழமைக்கு முன்னால் விட்டார். அவர் பட்ட கஷ்டத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அதைக் கடைசிக் கிழமைக்கு விடாதீர்கள்.

டொக்டரிடம் கேட்க ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள், முன்னால் இருக்கும்போது எல்லாம் மறந்துபோகும். ஸ்குரூவைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஒபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும், பொறுத்திருக்கலாமா? டிஸ்க் விலகிக் காலுக்கு இறங்குகிற நோ பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் ஒபரேஷன் இல்லாமலே குறையும், அந்தக் காலத்தைக் கொடுத்துப் பார்த்தாயிற்றா? நோ நாரியிலா, காலிலா? நரம்பு நெருக்கத்தால் காலில் வருகிற நோவுக்கு ஒபரேஷன் நன்றாக உதவும், வெறும் நாரி நோவுக்கு அவ்வளவு உறுதி இல்லை. எத்தனை மட்டம், எத்தனை ஸ்குரூ? ஸ்குரூ போட்டதும் தியேட்டரிலேயே படம் எடுத்துப் பார்த்து, பிழையானதை அங்கேயே மாற்றுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்று பதில் வர வேண்டும். மயக்கத்திலிருந்து எழும்பிக் கால் விறைத்த பிறகு கண்டுபிடித்தால், திரும்பவும் முதுகைத் திறக்க வேண்டி வரும்.

காசு விபரத்தை எழுத்தில் வாங்குங்கள். ரோபோவுக்குத் தனியாக எவ்வளவு, ஸ்குரூக்களுக்கு எவ்வளவு, தியேட்டரில் திட்டம் மாறினால் எவ்வளவு, கூட ஒரு நாள் தங்கினால் எவ்வளவு. நடுவில் நின்று ஆஸ்பத்திரி பிடித்துக்கொடுக்கிறவர் சொல்லும் தொகையை ஆஸ்பத்திரிக் கடிதத்தலைப்பில் கேளுங்கள். அதே கேஸை இங்கே அரச ஆஸ்பத்திரி நிபுணர் ஒருவரிடமும் கொழும்பில் ஒருவரிடமும் காட்டிப் பேசிவிட்டு முடிவெடுங்கள். இலவசமாகக் கிடைக்கிற இரண்டாவது அபிப்பிராயத்தைக் கௌரவக் குறைவாக நினைக்க ஒன்றும் இல்லை, எங்களுக்கு மிகத் தெளிவாக விளங்கப்படுத்தியது யாழ்ப்பாணக் கிளினிக்தான்.

இந்தியாவுக்குத்தான் என்று முடிவானால் நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் மருத்துவ விசாவில் போங்கள், சுற்றுலா விசாவில் போய் அங்கே தடுமாற வேண்டாம். நாரி நோக்காரரைக் கொழும்புவரை 400 கிலோமீற்றர் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போவதைவிடப் பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை. சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஒபரேஷன் அன்று நடப்பதைப் பற்றி நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை, வெளியே இருந்து கும்பிடுவதைத் தவிர. எங்களுக்கு நான்கு ஸ்குரூ, உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை ஐந்து மணித்தியாலம். அதில் படம் எடுப்பதும் பொருத்துவதும் ஒரு பெரிய பங்கு என்று பிறகு சொன்னார்கள், பிந்துகிறதே என்று பதற வேண்டாம். அடுத்த நாள் காலையிலேயே எழுப்பி நடக்கவிட்டார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுவரை போய், "தம்பி, கால் பாரமில்லை" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும்தான் உண்மையான வேலை. எலும்பு ஒட்ட மாதக்கணக்கு எடுக்கும், மூன்று மாதத்துக்கு முன்னால் யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். அதுவரை குனிவது, முறுகித் திரும்புவது, பாரம் தூக்குவது மூன்றும் கூடாது. இது ஆஸ்பத்திரித் தாளிலும் இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் குனிவது என்றால் என்னவென்று அந்தத் தாளுக்குத் தெரியாது. திருவலையில் இருந்து தேங்காய் துருவுவது, கிணற்றில் அள்ளுவது, விளக்குமாறால் முற்றம் கூட்டுவது, கோழிக்கூடு திறப்பது, குந்துகிற கக்கூஸ். கொமோட் கதிரை ஒன்றை அம்மா வருவதற்கு முன்னமே வாங்கி வைத்தோம். கட்டிலை உயர்த்தினோம். முற்றம் கூட்டுவதைத்தான் நிறுத்த முடியவில்லை, கடைசியில் அக்கா விளக்குமாறை ஒளித்து வைத்தார்.

காய்ச்சல், காயத்தில் சிவப்பு, சீழ், தண்ணீர் மாதிரித் தெளிவாக ஒழுகுவது, எழும்பி இருந்தால் வருகிற கடும் தலையிடி, ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி நோவது, புதிதாகக் காலில் பலக்குறைவு. இதில் எது வந்தாலும் சென்னைக்குப் போன் எடுத்துப் பதிலுக்குக் காத்திருக்காமல் இங்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே போனால் முதலில் கேட்பார்கள், உள்ளே என்ன போட்டார்கள் என்று. அதனால் புறப்படும் நாளில் நான்கு சாமான்கள் கையில் இல்லாமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள்: ஒபரேஷனில் என்ன செய்தார்கள் என்ற விபரக் குறிப்பு, டிஸ்சார்ஜ் தாள், ஒபரேஷனுக்குப் பிறகு எடுத்த படங்களின் சீடீ, ஸ்குரூப் பெட்டிகளிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர்கள். அந்த ஸ்டிக்கர்களில் கம்பனி, அளவு, உலோகம், தொகுதி இலக்கம் எல்லாம் இருக்கும், பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தாலோ ஒரு ஸ்குரூவைக் கழற்ற வேண்டி வந்தாலோ அதுதான் கை கொடுக்கும். டிஸ்சார்ஜ் தாளை அவர்களாகவே தருவார்கள், மற்றவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

நாங்கள் ஸ்டிக்கர் தாளைக் கேட்டு அரை நாள் நின்று வாங்கினோம். ஆறாவது மாதம் யாழ்ப்பாணக் கிளினிக்கில் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். போனில் படம் எடுத்துக்கொண்டு, அம்மாவின் கிளினிக் கொப்பியில் நான்கு அளவையும் தன் கையாலேயே எழுதிவைத்தார்.